விடியுமுன் பிறந்தவர்களுக்கு வந்த தப்பு

ஜோகுபாளையத்தில் எனக்கு ஒரு கடை இருந்தது. ஜெராக்ஸ், லாமினேஷன், எஸ்.டி.டி. போன், கம்ப்யூட்டர் ஜாதகம். நான்கும் ஒரே போர்டில். எனக்கு ஜோசியம் தெரியாது. ஏழாவது வரை படித்தவள். பெயர், தேதி, நேரம், ஊர் அடிப்பேன். மெஷின் கட்டம் போடும், நட்சத்திரம் சொல்லும். பிரிண்ட் எடுத்து, பிள்ளையார் படம் போட்ட அட்டைக்குள் வைத்துக் கொடுப்பேன். பலன் கேட்பவர்களை அல்சூர் கோயில் பக்கம் அனுப்பிவிடுவேன்.

முதலில் இருந்த சாஃப்ட்வேர் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. கம்பெனி ஆள் ஒருத்தர் வந்து போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் வரை இருந்தார். போகும்போது ஒன்று சொன்னார்.

"பிறந்த நேரம் சொல்றப்ப கவனிங்கக்கா. ராத்திரி பன்னெண்டு தாண்டி, விடியறதுக்கு முன்னாடின்னா முந்தின நாள் தேதியே போடுங்க. நம்ம ஆளுங்க அப்படித்தான் சொல்வாங்க. சாஃப்ட்வேர் புரிஞ்சிக்கும்."

அது எனக்குப் புதுசு இல்லை. எங்கள் வீடுகளில் 'செவ்வாய் ராத்திரி, விடிஞ்சா புதன்' என்றுதான் சொல்வார்கள். சூரியன் வந்தால்தான் அடுத்த நாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் புதன் என்று இருக்கும். வீட்டில் செவ்வாய்தான். நான் செவ்வாயைப் போடுவேன். சரியாக வரும். வருஷக்கணக்கில் ஒருத்தரும் திரும்பி வந்து தப்பு என்று சொன்னதில்லை.

அப்புறம் புது வர்ஷன் வந்தது. பழையதுக்கு இனிமேல் சர்வீஸ் கிடையாது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று போன் வந்தது. கம்ப்யூட்டர் பின்னால் சொருகுகிற சின்னப் பூட்டு ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் திறக்காது. பழைய பூட்டைக் கூரியரில் வாங்கிக்கொண்டுதான் புதுப் பூட்டை அனுப்பினார்கள். இந்தத் தடவை ஆள் வரவில்லை. கூரியரில் ஒரு சி.டி. வந்தது. கலர் திரை, ஓரத்தில் மயில். ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

பின் தெருவில் ஒரு பெண் இருந்தாள். அப்பா இல்லை. அம்மா ஒரு ஸ்கூலில் ஆயா. கான்வென்டில் சேர்த்துப் படிக்க வைத்தாள். அந்த இங்கிலீஷுக்குப் பெண்ணுக்குக் கால் சென்டரில் வேலை கிடைத்தது. அமெரிக்காக்காரன் பிரிண்டர் மக்கர் பண்ணினால் இங்கிருந்து பதில் சொல்வாள். சாயங்காலம் கம்பெனி வண்டி என் கடை முன்னால்தான் நிற்கும். அது வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு ரயில்வேயில் வேலை. கோயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் அவளைக் கேட்டேன்.

"எப்படி இருக்கான்?"

"சுமாரா இருக்கான்க்கா. ஆனா பேசினா கேக்கறான். நடுவுல நான் நிறுத்தினா, 'அப்புறம்?'ங்கறான்."

"அது போதுமா?"

"தினம் எட்டு மணி நேரம் என் காதுல கத்தறாங்க. எனக்கு அது போதும்க்கா. இவனையே முடிச்சிடச் சொல்லிட்டேன் அம்மாகிட்ட."

இப்படி அவள் எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பெண்ணின் பழைய ஜாதகம் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது கூழாகிவிட்டது. அதனால் தரகர் என்னிடம் வந்தார். செவ்வாய் ராத்திரி, விடிஞ்சா புதன் என்று நேரம் சொன்னார். செவ்வாய்த் தேதியை அடித்தேன். பிரிண்ட் வந்தது. அட்டையில் வைத்துக் கொடுத்தேன். அவர் அப்படியே ஒக்கலிபுரம் கொண்டு போய்விட்டார். அம்மாக்காரி பார்க்கவில்லை. நான் படிக்கவில்லை. நான் எதையும் படிப்பதில்லை, அது என் வேலை இல்லை.

இரண்டு நாள் கழித்து அம்மாக்காரி வந்தாள். ஜெராக்ஸுக்கு ஆள் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கவில்லை. அட்டையைத் தூக்கி கவுன்ட்டர்மேல் போட்டாள்.

"என்னாடி அடிச்சிக் குடுத்திருக்க? என் பொண்ணு மகம். ஆயில்யம்னு போட்டிருக்க!"

"நான் எங்க போட்டேன். மெஷின் போட்டுது."

"மெஷினா பெத்துது? வருஷா வருஷம் மகம்னு சொல்லி அர்ச்சனை பண்றேன். அந்தச் சாமிக்குத் தெரியும் அவ நட்சத்திரம். உன் மயிலுக்குத் தெரியலயா?"

ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் நம்புகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. பையனுடைய அம்மாவுக்கு சுகர், பி.பி. எல்லாம் உண்டு. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் முன்னாலேயே திரும்ப அடித்தேன். ஆயில்யம். தேதியை ஒரு நாள் தள்ளிப் புதன் என்று போட்டேன். மகம் வந்தது. என் தம்பி விடியுமுன் பிறந்தவன். அவனுடையதைப் பழையபடி அடித்தேன். அவனுக்கும் வேறு நட்சத்திரம் காட்டியது. புரிந்துவிட்டது. பழைய சாஃப்ட்வேர் நம் ராத்திரியைப் புரிந்துகொண்டது. புதுசு இங்கிலீஷ் தேதியை மட்டும்தான் பார்க்கிறது. மாற்றினவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அல்சூர் கோயில் ஐயரிடம் கையால் ஒன்று கணித்து வாங்கிக்கொண்டு, அன்றைக்கே ஒக்கலிபுரம் போனேன். பையனுடைய அப்பா ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மரியாதையான மனுஷர். உட்கார வைத்துக் காபி கொடுக்கச் சொன்னார். இரண்டு பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நீங்க முதல்ல ஒண்ணு குடுத்தீங்க. நாங்க வேணாம்னோம். இப்ப வேற ஒண்ணு கொண்டாறீங்க. நான் எதைம்மா நம்பறது?"

"முதல்ல வந்தது தப்புங்க. சாஃப்ட்வேர்ல தப்பு."

"மெஷின் தப்பு பண்ணாதும்மா. கம்ப்யூட்டர் லேத்துல வேலை பாத்தவன் நான். என்ன குடுக்கறியோ அதைச் செய்யும். ஒரு நூல் பிசகாது."

"அல்சூர் ஐயர் கையால கணிச்சிக் குடுத்திருக்காரு. அதுலயும் மகம்தாங்க."

"அவரு பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டதை எழுதிக் குடுப்பாரு. அவரைக் குத்தம் சொல்லல. ஊர் வழக்கம் அது." இரண்டு பிரிண்டையும் மடித்து என்னிடம் நீட்டினார். "ஒண்ணு பண்ணுங்க. அந்த கம்பெனிக்காரன் சொல்லட்டும். எங்க சாஃப்ட்வேர்ல தப்பு இருக்குன்னு ஒரு ஆள் வாயைத் திறந்து சொல்லட்டும். போன்ல சொன்னாக்கூடப் போதும். நான் ஒத்துக்கறேன். என் பொஞ்சாதியையும் ஒத்துக்க வெக்கறேன்."

பையன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "சொல்லுவாங்கப்பா," என்றான். அவ்வளவுதான் பேசினான்.

"ஆடி பிறக்கறதுக்குள்ள சொல்லட்டும். கோலார் பக்கம் இன்னொரு இடம் வந்திருக்கு. நான் அவங்களை ரொம்ப நாள் நிறுத்தி வெக்க முடியாது."

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. எழுத்துகூட இல்லை. வாயால் ஒரு வரி. ஒரு கம்பெனிக்கு அது என்ன பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சி.டி.யோடு வந்த அட்டையில் நம்பர் இருந்தது. போட்டேன். இங்கிலீஷுக்கு ஒன்று, ஹிந்திக்கு இரண்டு என்றது. தமிழ் ஜாதகம் போடுகிற சாஃப்ட்வேர் அது. தமிழுக்கு நம்பர் இல்லை. கன்னடத்துக்கும் இல்லை. இரண்டை அழுத்தினேன். ஹிந்தி எனக்கு அல்சூர் மார்க்கெட் ஹிந்திதான். பாட்டு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. ஜெராக்ஸுக்கு வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒருத்தன் எடுத்தான்.

"ஓனர் சாப் இருக்காரா?" என்று ஹிந்தியில் கேட்டான்.

"நான்தான் ஓனர்."

"சரி மேடம். சாப் எப்ப வருவாரு?"

"சாப் போய்ச் சேர்ந்து ரொம்ப நாள் ஆச்சு. விஷயத்தைக் கேளு."

கேட்டான். பூட்டு சரியாகச் சொருகியிருக்கிறதா பாருங்கள் என்றான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றான். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்றான். எல்லாம் செய்தேன். ஆயில்யம் ஆயில்யமாகவே நின்றது. திரும்பப் போட்டால் வேறொருத்தன் எடுத்தான். பூட்டு சரியாகச் சொருகியிருக்கிறதா பாருங்கள் என்று முதலிலிருந்து ஆரம்பித்தான்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். அவளுக்குச் சேதி தெரிந்திருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"போனைக் குடுங்கக்கா. நான் பேசறேன். இது என் தொழில்."

இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். குரலே மாறிவிட்டது. யாரோ வேறு ஒருத்தி என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கோபப்படவே இல்லை. பேரைக் கேட்டாள், கேட்ட பேரைச் சொல்லியே பேசினாள். பிறகு ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"செக் பண்றேன்னு சொல்லிட்டு ம்யூட்ல போட்டுட்டான். இப்ப பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட மதியம் சாப்பிட்ட பிரியாணியைப் பத்திப் பேசிட்டிருப்பான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் பேசுவேன்க்கா."

அவன் திரும்பி வந்தான். மேலே அனுப்புகிறேன் என்றான். புகார் நம்பர் ஒன்று கொடுத்தான். சுவரில் எழுதி வைத்தேன். அடுத்த நாள் அந்த நம்பரைச் சொல்லிக் கேட்டால், அது முடிந்துவிட்டது மேடம் என்றார்கள். யார் முடித்தது? வாடிக்கையாளருக்கு விளக்கம் கொடுத்தாகிவிட்டது, வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார் என்று எழுதியிருக்கிறதாம். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நான் ஏற்றுக்கொண்டேன் என்று எவனோ ஒருத்தன் அங்கே எழுதுகிறான்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"நேரத்துக்குள்ள மூடலைன்னா அவனுக்குத் திட்டு விழும்க்கா. மூடினாத்தான் அவன் பொழைப்பு. உங்க பிரச்சனை தீர்ந்துதான்னு யாரும் அவனைக் கேக்க மாட்டாங்க."

"நீயும் இப்படி மூடுவியா?"

"மூடுவேன்." செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்தப் பக்கம் யாரு உக்காந்திருக்காங்கன்னு யோசிச்சா அந்த சீட்ல உக்கார முடியாதுக்கா."

மெயில் போட்டால் நேராக மேலே போகும் என்றாள். அல்சூர் பஜாரில் சைபர் கடைக்குப் போனோம். அவள் அடித்தாள், நான் பக்கத்தில் நின்றேன். எழுந்து வெளியே வருவதற்குள் பதில் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகப் போயிற்று. அவள் படித்துச் சொன்னாள். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். இது தானாகப் போகும் பதில். இதற்குத் திருப்பி எழுத வேண்டாம்.

முக்கியமாம். ஆனால் எழுத வேண்டாமாம். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்ல என்ன மாதிரி வாய் வேண்டும்.

அவர்கள் வெப்சைட்டில் கருத்துச் சொல்ல ஒரு கட்டம் இருந்தது. அதிலும் அடித்தாள். விடியுமுன் பிறந்தவர்களுக்கு என்று வரும்போது இடம் தீர்ந்துவிட்டது. அதற்குமேல் எழுத்து ஏறவில்லை. மேலே போய்ச் சுருக்கி அடித்தாள். முதலில் நட்சத்திரம் கொடுத்தால்தான் அனுப்ப முடியும் என்றது. அதாவது மார்க். அவள் சிரித்துவிட்டாள்.

"இவனுங்களுக்கும் நட்சத்திரம் வேணுமாம்க்கா."

அவள் சிரித்து அந்த மாசத்தில் நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அம்மாக்காரி என் கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். எதிர்ப்பக்கமாக நடந்து போவாள். தெருவில் இரண்டு பேர் தங்கள் பெண்களின் ஜாதகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, சரியா பாரு என்றார்கள். ஒருத்திக்குச் சரி. மற்றவள் விடியுமுன் பிறந்தவள், தப்பு. அவளுக்கு அதை வைத்துக் கல்யாணமே முடிந்திருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று பிரிண்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

கடையை ஒரு நாள் மூடிவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டி போனேன். சில்க் போர்டு தாண்டினதும் பஸ்ஸில் புழுதி. கம்பெனி பெரிய கண்ணாடிக் கட்டடம். ஜாதகம் அவர்கள் செய்கிற பலதில் ஒன்று போலிருக்கிறது. கேட்டில் செக்யூரிட்டி, யார் வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டான்.

"யாரு பேக்கும்மா?"

"ஜாதக சாஃப்ட்வேர் செய்றவங்க பேக்கு," என்று கன்னடத்தில் சொன்னேன்.

"பேரு?"

"பேரு தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கறேன்."

அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் விடக்கூடாது என்றான். சரி என்று நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. உள்ளே போகிற, வெளியே வருகிற பிள்ளைகள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் செக்யூரிட்டிக்கே பேஜாராகிவிட்டது. யாருக்கோ போன் போட்டான். ஒரு பையன் வந்தான். கழுத்தில் அட்டை தொங்கியது. தமிழ்ப் பையன்.

"அக்கா, தண்ணி குடிக்கறீங்களா?"

"தண்ணி இருக்கு தம்பி. விடியறதுக்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு ஒரு நாள் முந்திக் காட்டுது உங்க சாஃப்ட்வேர்."

"ஆமாக்கா," என்றான்.

நான் அவனையே பார்த்தேன். இத்தனை நாளில் முதல் ஆமாம்.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்க்கா. புதுசா எழுதினப்ப அந்த வழக்கம் யாருக்கும் தெரியல. விட்டுட்டோம். நிறைய பேர் சொல்லிட்டாங்க. அடுத்த வர்ஷன்ல சரியாயிடும்."

"அடுத்தது எப்ப?"

"தீபாவளிக்கு முன்னாடி வந்துடும்."

"ஆடி இன்னும் பத்து நாள்ல வருது தம்பி."

அவனுக்குப் புரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். ஒக்கலிபுரம் நம்பரை எடுத்து நீட்டினேன். எனக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லு, அது போதும் என்றேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் சொல்லக்கூடாதுக்கா. தப்புன்னு வெளியில சொல்லக்கூடாதுன்னு இருக்கு. கஸ்டமர்கிட்ட சப்போர்ட்தான் பேசணும்."

"சப்போர்ட்டு இது தப்புன்னே ஒத்துக்க மாட்டேங்குதே."

"அவங்களுக்குத் தெரியாதுக்கா. நாங்க அவங்களுக்குச் சொல்லல. அவங்க வேற பில்டிங்."

தெரிந்தவன் பேசக்கூடாது. பேசுகிறவனுக்குத் தெரியக்கூடாது. நடுவில் ஒரு ரோடு. இதைக் கட்டி வைத்தவனும் படித்தவன்தானே என்று நினைத்தேன். நினைத்ததும் வாயில் ஏதோ கசந்தது, துப்ப இடம் தேடினேன். அங்கே துப்பவும் இடம் இல்லை, அவ்வளவு சுத்தம்.

பையன் உள்ளே போய் ஒரு அட்டையில் கிளிப் போட்ட காகிதம் கொண்டுவந்தான். "இதுல உங்க கருத்தை எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா. மேல போகும்." நல்ல பையன்தான். கண்ணைப் பார்க்காமல் நீட்டினான். நான் வாங்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டேன்.

ஆடிக்கு இரண்டு நாள் இருந்தது. பையனுடைய அப்பாவே கிளம்பி என் கடைக்கு வந்தார். கூட மகனும். அவன் பிடுங்கி எடுத்திருப்பான் என்று நினைக்கிறேன். பெண் ஸ்டூலில் இருந்தாள். எழுந்து நின்றாள். பையன் உட்காருங்கள் என்று சைகை காட்டினான். அவள் உட்காரவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"போடுங்கம்மா போனை. நானே கேக்கறேன். கேட்டுட்டா நமக்கும் நிம்மதி."

ஸ்பீக்கரில் போட்டேன். பாட்டு ஓடியது. தெருவுக்கே கேட்டது. பெண்தான் முதலில் பேசினாள். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் பாட்டு. பிறகு ஒருத்தன் வந்தான், சுத்தமான தமிழ். எனக்கு உயிர் வந்தது.

பெரியவர் முன்னால் குனிந்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"தம்பி, நான் பையன் வீட்டுக்காரன் பேசறேன். உங்க சாஃப்ட்வேர்ல ஒரு ஜாதகம் எடுத்தோம். ஆயில்யம்னு வந்திருக்கு. இவங்க மகம்னு சொல்றாங்க. சாஃப்ட்வேர்ல தப்பு வருமா, வராதா? அதை மட்டும் சொல்லு."

"உங்க சிரமம் எனக்குப் புரியுது சார்."

"சிரமம் இருக்கட்டும். தப்பு வருமா?"

"எங்க சாஃப்ட்வேர்ல தப்பு வர வாய்ப்பே இல்லை சார். நீங்க என்ன விவரம் குடுக்கறீங்களோ, அதுக்குத் தகுந்த மாதிரிதான் சார் ரிசல்ட் வரும்."

"வாய்ப்பே இல்லயா?"

"வாய்ப்பே இல்லை சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

பெண் பாய்ந்து ரிசீவரை எடுத்தாள். சூப்பர்வைசரைக் கேட்டாள். மீட்டிங்கில் இருக்கிறார். எப்போது வருவார்? சொல்ல முடியாது. அவள் குரல் அப்போதும் உயரவில்லை. அந்த இன்னொருத்தியின் குரல்தான்.

பெரியவர் எழுந்துவிட்டார். கோபம் இல்லை. லேசாக வருத்தம்கூட இருந்தது.

"நான் சொன்னேனேம்மா. என்ன குடுக்கறோமோ அதுதான் வரும். என் லேத்தும் அப்படித்தான்."

"அப்பா," என்றான் பையன்.

"வாடா."

பையன் அவளைப் பார்த்தான். அவள் ரிசீவரை இன்னும் கையில் பிடித்திருந்தாள். ஏதாவது சொல்லுவான் என்று நானும் பார்த்தேன். சொல்லவில்லை. அப்பாவின் பின்னால் இறங்கிப் போனான். கேட்கத் தெரிந்தவன்தான். பேசத் தெரியவில்லை.

அவள் ரிசீவரை வைத்தாள்.

"அவன் பேர்ல தப்பு இல்லக்கா," என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று பார்த்தேன். போனைக் காட்டினாள். "எதிர்ல எழுதி ஒட்டியிருப்பாங்க. அதைப் படிச்சான். 'உங்க சிரமம் எனக்குப் புரியுது.' எங்க இங்கிலீஷ்லயும் அதுதான் முதல் வரி."

வண்டி வந்து ஹார்ன் அடித்தது. டிரைவர், "மேடம், டைம் ஆச்சு," என்று கத்தினான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் ஏறினாள். அன்றைக்கும் அந்த வரியை எத்தனை பேருக்குப் படித்தாளோ.

ஆவணியில் கோலார்ப் பெண்ணோடு அந்தப் பையனுக்குக் கல்யாணம் நடந்தது. தரகர்தான் சொன்னார். பெண்ணிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. கடையில் வந்து உட்கார்வதை அவள் நிறுத்தவில்லை. வரன் பேச்சு எடுத்தால் மட்டும் வண்டி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பாள்.

தீபாவளிக்கு முன்னால், அந்தக் கம்பெனிப் பையன் சொன்ன மாதிரியே, கூரியரில் சி.டி. வந்தது. உள்ளே பளபளவென்று ஒரு நோட்டீஸ். புது வசதிகள் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். கலர் கலராகப் பத்துப் பன்னிரண்டு பார்டர். அதற்கெல்லாம் கீழே ஒரு வரி. 'சூரிய உதயத்துக்கு முன் பிறந்தவர்களுக்கான கணிப்பு மேலும் மேம்படுத்தப்பட்டுள்ளது.'

மேலும் மேம்படுத்தினார்களாம். ஏற்கெனவே நன்றாக இருந்ததாம், இப்போது இன்னும் நன்றாக ஆக்கிவிட்டார்களாம். அதுவரை அடித்துக் கொடுத்த ஜாதகங்களை என்ன செய்வது என்று ஒரு எழுத்து இல்லை.

பெண்ணிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"சாரின்னு எங்கயாவது போட்டிருக்காக்கா?"

"இல்ல."

"போட மாட்டாங்க," என்றாள். நோட்டீஸை மடித்துக் கொடுத்தாள். "சி.டி.யைப் போடுங்க. நாளைக்கு வர்ற பொண்ணுக்காவது சரியா வரட்டும்."

போட்டேன். சரியாகத்தான் வந்தது.

ஒரு வாரம் கழித்து மத்தியானத்தில் போன் அடித்தது. பெண் குரல், தமிழ். கம்பெனி பேரைச் சொன்னாள். "புது வர்ஷன் எப்படி இருக்கு மேடம்? ஒரு நிமிஷம் உங்க கருத்தைச் சொல்ல முடியுமா?"

இதற்குத்தான் இத்தனை மாசம் காத்திருந்தேன். அவர்களே கூப்பிட்டுக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒக்கலிபுரம், ஆடி, ஸ்பீக்கரில் அவன் சொன்ன வாய்ப்பே இல்லை, எல்லாம். நான் இவ்வளவு பேசினது என் வாழ்க்கையில் குறைச்சல். அவள் குறுக்கிடவில்லை. நான் நிறுத்தினதும் கேட்டாள்.

"ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எங்களுக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க மேடம்?"

"நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கிட்டியாம்மா?"

"எழுத இடம் இல்லை மேடம். நம்பர் மட்டும்தான் போட முடியும்."

"நான் ஒண்ணுன்னு சொன்னா அது யாருக்குப் போகும்? சாஃப்ட்வேர் செஞ்சவனுக்கா?"

பின்னால் நிறையப் பெண் குரல்கள் கேட்டன. எல்லாரும் அதே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களுக்குப் போகாது மேடம். இந்த போன் காலுக்குத்தான் மார்க்." குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத்தான் மேடம் விழும். சம்பளத்துல பிடிப்பாங்க."

"நீ எந்த ஊரும்மா?"

"அது சொல்லக்கூடாது மேடம்."

அவள் வயசு என்ன இருக்கும் என்று யோசித்தேன். அவளை எந்த வண்டி எந்தக் கடை முன்னால் வந்து ஏற்றிப் போகிறதோ.

"அஞ்சு போட்டுக்கோ," என்றேன்.

"ரொம்ப நன்றி மேடம். உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

போனை வைத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அந்தக் கம்பெனியில் என் பெயருக்கு நேரே அஞ்சு மார்க் இருக்கிறது. இன்றைக்குப் போய்ப் பார்த்தாலும் அதுதான் இருக்கும்.